பரிசுக்கு மாட்டிய டயர்

வெர்ன் ஹோர்னக் செய்து அனுப்பும் வண்டியை வெளியே நின்று பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவன் தொழில். அவன் திமிரும் அதுதான்.

கார் ஆலைகள் இருந்த ஃப்ளின்ட் நகருக்குக் கிழக்கே, மக்காச்சோளக் கிடங்குக்கு எதிரில் இருக்கிறது அவன் பட்டறை. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது மாடல் வண்டிகள் அங்கே வரும். தரை துருப்பிடித்து ஓட்டையாகி, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி, எழுந்து நிற்கவே வக்கில்லாமல் வரும். இரண்டு வருஷம் கழித்து வெளியே போகும்போது அன்று காலைதான் ஆலை வாசலைத் தாண்டி வந்ததுபோல் நிற்கும். அதே குரோம், அதே பக்கவாட்டுக் கோடு, அதே ரேடியோக் குமிழ். சாவியைத் திருப்பினால்தான் சங்கதி வெளியே வரும். உள்ளே உறுமுவது இந்தக் காலத்து எஞ்சின். பெட்ரோலை அளந்து ஊற்ற ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த சின்னக் கம்ப்யூட்டர். ஆறு கியர். பழைய சக்கரத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருக்கும் புது டிஸ்க் பிரேக். எல்லாம் இருக்கும், ஒன்றும் தெரியாது.

ஆலையில் கதவு பொருத்தும் வரிசையில் பதினொரு வருஷம் நின்றவன் வெர்ன். ஆலையை மூடியபோது மற்றவர்கள் டெக்ஸாஸுக்கும் டென்னஸிக்கும் மூட்டை கட்டினார்கள், இவன் மட்டும் கையிலிருந்ததைப் போட்டு இந்தத் தகரக் கொட்டகையை வாங்கினான். பெண்டாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். "நீ வண்டியக் கட்டிக்கோ"ன்னு சொல்லிவிட்டுத்தான் போனாள், பாவம், அதில் பொய் ஒன்றுமில்லை. அறுபது வயதில் அவனுக்கு மிஞ்சியது வேலையும், இருபது வருஷமாகக் கூட இருக்கிற பெயின்டர் ஆர்லோவும், ஆகஸ்ட் மாதத்துப் போட்டியும்தான்.

அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிழவர்கள் தங்கள் சங்க மைதானத்தில் வருஷா வருஷம் நடத்துவது. பழைய வண்டிக்குள் புதுச் சரக்கைப் போட்டவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கிழவர்கள் டார்ச்சும், குச்சியில் கட்டிய கண்ணாடியுமாக வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். எழுபதாம் வருஷம் தங்கள் கையால் மாட்டாத ஒரு ஸ்க்ரூவைக் கண்டுவிட்டால் போதும், "மாட்டினான்!" என்று கத்துவார்கள், மைதானமே கைதட்டும். ஒரு தரம்கூட மாட்டாதவனுக்குத்தான் கோப்பை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கோப்பையை யாரும் தொட்டதில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பார்வைக்கு நிறுத்திய கோலத்திலேயே வண்டி வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்க வேண்டும். "நிக்கிற வண்டிக்குக் கோப்பை குடுக்க இதென்ன பொம்மைக் கடையா?" என்று தலைமைக் கிழவர் ஆல்வின் குஷ்மன் கொண்டுவந்த விதி அது.

வெர்ன் மூன்று வருஷம் தொடர்ந்து ஒரே இடத்தில் மாட்டினான். டயரில். பழைய தோற்றத்தில் இன்றைக்கும் டயர் செய்கிறார்கள், வெள்ளை எழுத்தெல்லாம் அச்சாக இருக்கும், ஆனால் செய்த வாரமும் வருஷமும் பக்கத்தில் பொடி எண்ணாகப் பொறித்திருக்கும். எழுபதில் அப்படிப் பொறிக்கும் வழக்கம் கிடையாது. கிழவர்கள் நேராக அங்கேதான் குனிவார்கள். மதியம் அவன் கடையில் கோனி ஹாட்டாக் சாப்பிடப் போனால் பரிமாறுகிற பெண்கூட, "என்ன வெர்ன், இந்த வருஷமும் பஞ்சராமே?" என்பாள். சிரிப்பான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவான்.

இப்படி இருக்கும்போதுதான் லமார் மேபரி தன் ப்யூக் காரைக் கொண்டுவந்தார்.

லமார் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்தேழு வருஷம், ஒரு கீறல் கிடையாது, ஒரு அபராதச் சீட்டு கிடையாது. அவர் பின்னால் மாட்டிக்கொண்டால் தாடி வளர்ந்துவிடும் என்று ஊரே கேலி பேசும். அந்த எழுபது மாடல் கரும்பச்சை வண்டி அவருடைய அப்பா ஆலையில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. அப்பா போனபின் முப்பது வருஷம் கொட்டகையில் கிடந்தது.

"அப்பா ஓட்டின மாதிரியே தெரியணும். ஆனா பிரேக் புடிச்சா நிக்கணும். எம் பொண்டாட்டி ஜெனீவா பக்கத்துல உக்காந்தா பயப்படக் கூடாது" என்றார் லமார்.

"எத்தன குதிரைச் சக்தி வேணும்?"

"நீ எத்தன வேணா போடு. நான் அதுல பாதிக்கு மேல எழுப்ப மாட்டேன். மிச்சம் தூங்கட்டும்."

இரண்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் காபியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலையில் தலையிடமாட்டார். எதற்கு எது என்று கேட்பார், கேட்டதை ஜெனீவாவிடம் போய்ச் சொல்வார். வெர்ன் யாரோடும் ஒட்டாதவன், சும்மா சொல்லக் கூடாது, லமாரோடு ஒட்டினான். ஞாயிறு சாப்பாட்டுக்கு நாலைந்து தரம் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறான். ஜெனீவா அவன் தட்டில் கீரையை அள்ளி வைத்து, "இதத் தின்னாத்தான் கேக்கு" என்று மிரட்டுவார்.

வண்டி முடிந்த கோடையில் வெர்னுக்கு இண்டியானாவிலிருந்து ஒரு போன் வந்தது. மூடிக் கிடந்த பழைய கடையொன்றின் நிலவறையில் நாலு டயர், எழுபதாம் வருஷத்தது, சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை. வெர்ன் அன்றே ஐந்து மணி நேரம் ஓட்டிப் போய் எடுத்துவந்தான். காகிதத்தைப் பிரித்தால் புது ரப்பர் வாசனை. ஓரத்தில் மயிர்போல நிற்கும் ரப்பர் பிசிறுகூட அப்படியே இருந்தது. பார்வைக்குப் பச்சைப் பிள்ளை, வயதோ நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு வருஷ ரப்பர் உள்ளே எப்படி உலர்ந்து போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? இந்த நாட்டில் அவனுக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்?

போட்டிக்கு முதல் நாள் ஆர்லோவும் அவனுமாக மாட்டினார்கள். ஓட்டுவதற்கென்று வாங்கிய புது டயர் நாலும் மூலையில் அடுக்கியிருந்தன.

"இதுல ஓட்டலாமா?" என்றான் ஆர்லோ.

"ஓட்டுறதுக்கு யாரு மாட்டினா? இங்கிருந்து டிரெய்லர்ல போகும். மைதானத்துல எறக்குவேன். கோப்பைய வாங்கிட்டு வாசலத் தாண்டுவேன். அந்தப் பக்கம் திரும்பவும் டிரெய்லர்."

"லமார்கிட்ட சொல்லிட்டியா?"

"அந்தாளு மூஞ்சி நோட்டீஸ் போர்டு மாதிரி. ஆல்வின் ஒரு பார்வை பாத்தாப் போதும், எல்லாத்தயும் படிச்சுடுவான். நாளைக்கு முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

மறுநாள், சனிக்கிழமை, கிழவர்கள் ஐந்து பேர் நாற்பது நிமிஷம் அந்த ப்யூக்கைக் குடைந்தார்கள். ஒருவர் மல்லாந்து படுத்து அடியில் போனார். ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். டயர்ப் பக்கம் வந்ததும் கூட்டமே கிட்டே வந்தது. ஆல்வின் முட்டி போட்டு, நாலு சக்கரத்தையும் விரலால் தடவித் தடவித் தேடினார். எண் இல்லை. எழுந்து நின்று முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா புடிச்ச இத? ஓடுமா, இல்ல நிக்க மட்டுந்தானா?"

அங்கேதான் வெர்ன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பழைய ரப்பர், ஓடாது என்றால் விதிப்படி கோப்பை போச்சு. சுற்றிலும் இருநூறு பேர். மூன்று வருஷக் கேலி.

"பழைய அச்சு, புது ரப்பர். ஒருத்தன் எனக்குன்னே வாத்துக் குடுத்தான். நல்லா ஓடும்" என்றான்.

"கில்லாடிப் பய!" என்று ஆல்வின் அவன் தோளில் அறைந்தார். மைதானம் அதிர்ந்தது. லமார் குழந்தைபோல் கைதட்டினார். தன் வண்டி ஜெயித்ததைவிட வெர்ன் ஜெயித்ததில்தான் அந்த மனிதருக்குச் சந்தோஷம். அப்படியே சாவிக்குக் கையை நீட்டிக் கேட்டார்.

"வெர்ன், வாசலத் தாண்டுறதோட எதுக்கு நிறுத்தணும்? நானே வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறேனே. ஜெனீவா இன்னிக்குச் சர்ச்சுல சமையல், இப்ப வீட்டுக்கு வந்திருப்பா. டிரஸ் பண்ணிக்கிட்டு நில்லுன்னு சொல்லிட்டேன். ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

ஆல்வின் பக்கத்திலேயே நின்றார். வெர்ன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

"உன் வண்டிய்யா. ஓட்டு. ஆனா மெதுவா."

"என்கிட்டப் போய் மெதுவான்னு சொல்றான் பாரு!" லமார் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னாலேயே போய் முதல் பெட்ரோல் பங்க்கில் மறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டான் வெர்ன். பங்க் நான்கு மைல்தான். டிரெய்லர் வண்டியை நோக்கி நடந்தான். அதற்குள் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி, கோப்பையோடு ஒரு போட்டோ என்றாள். பிறகு ஐந்து கிழவர்களோடு ஒன்று. பிறகு கோப்பையைத் தூக்கிப் பிடித்து ஒன்று. போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். பன்னிரண்டு நிமிஷம். கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான், பாவி.

அவன் போய்ச் சேர்ந்தபோது சாலையோரப் பள்ளத்தில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. மக்காச்சோளப் பயிர் முப்பது அடிக்குச் சாய்ந்திருந்தது. தார் ரோட்டில் டயரின் முழுச் சுற்றளவுக்கு ரப்பர்த் தோல் உரித்துப் போட்டதுபோல் கிடந்தது. இடது பின் சக்கரத்தினுடையது. லமாரை ஏற்கெனவே துணியால் மூடியிருந்தார்கள்.

வந்திருந்த ஷெரிஃப் ஆபீஸ் இளைஞனுக்கு வண்டிகள் பற்றித் தெரியாது. எவ்வளவு சக்தி என்று கேட்டான். ஐந்நூற்று ஐம்பது என்றான் வெர்ன். இளைஞன் விசிலடித்துவிட்டு எழுதிக்கொண்டான். டயர்களைக் குனிந்து பார்த்தான்.

"எல்லாம் புத்தம் புதுசு. டயர்ல குத்தமில்ல. மோதினதுல கிழிஞ்சிருக்கும்" என்றான்.

வெர்ன் வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இளைஞன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

ஊர் வாயை மூட எந்த உலைமூடி இருக்கிறது? சாயங்காலத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கிழவனுக்கு வயசு திரும்பிடுச்சு, அவ்வளவு பெரிய எஞ்சின் காலடியில் கிடந்தா யாருக்குத்தான் புத்தி நேரா இருக்கும், கோப்பை வாங்கின தலைக்கனம், அழுத்திட்டான். இரண்டாம் நாள் பேச்சு இன்னும் கீழே இறங்கியது. நம்ம பிள்ளைங்களயும் இப்படித்தான் ஓட்டிக்கிட்டுப் போயிருப்பானோ, நாமதான் கவனிக்கலயோ? இருபத்தேழு வருஷம் மழையிலும் பனியிலும் பிள்ளைகளை வாசல் வாசலாக இறக்கிவிட்ட மனிதரைப் பற்றி இப்படிப் பேசினார்கள். பேசியவர்களின் பிள்ளைகள் எல்லாம் அவர் பேருந்தில் போய்ப் படித்து ஆளானவர்கள்தான்.

பேருந்து ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட இருந்தவர் இறந்தால் சவப்பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் பேருந்துகள் வரிசையாகப் போகும். அதைக் கேட்டு ஜெனீவா வீட்டுக்கு வந்தார்கள். ஜெனீவா வாசலிலேயே நிறுத்திப் பதில் சொல்லி அனுப்பினாராம்:

"வேணாம். பிள்ளைங்க ஏறுற வண்டிய அந்த மனுஷனுக்குப் பின்னால விடாதீங்க. அவரே அத ஒத்துக்க மாட்டாரு."

வெள்ளிக்கிழமை அடக்கம் நடந்தது. வெர்ன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே எழுந்து வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை நொறுங்கிய வண்டி பட்டறைக்கு வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே வேண்டாம், கட்டினவனே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஜெனீவா சொல்லிவிட்டாராம். கூரை சீட்டு வரைக்கும் அமுங்கியிருந்தது. ஆர்லோ பார்த்துவிட்டு வெளியே போய் நின்றான். வெர்ன் ரேடியோவுக்குப் பின்னால் கையை விட்டான். கம்ப்யூட்டர் முழுசாக இருந்தது. எஞ்சின் கடைசியாக ஓடிய நேரத்தை நொடிக்கு நொடி எழுதி வைத்துக்கொள்ளும் சாதனம் அது. லேப்டாப்பில் சொருகினான்.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு. ஐம்பத்தைந்து மைல் வரைக்கும் போகலாம் என்று பலகை போட்ட சாலை அது. ஏழு நிமிஷம் ஒரே வேகம். ஐந்நூற்று ஐம்பது குதிரையில் நூறைக்கூட லமார் எழுப்பவில்லை. கடைசியில் சக்கரம் உதறத் தொடங்கிய நொடியில்கூடக் காலைச் சட்டென்று எடுக்கவில்லை, மெல்ல மெல்லத் தளர்த்தியிருக்கிறார். பின்னால் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் எப்படித் தளர்த்துவாரோ அப்படி. அதற்கு மேல் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

வெர்ன் பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுதான். அவன் அழுது ஆர்லோ பார்த்ததே இல்லை.

"அந்தம்மாகிட்ட காட்டணும்" என்றான் வெர்ன்.

"என்னத்தக் காட்டுவ? வேகமாப் போகலன்னு காட்டினா, அப்ப ஏன் கவுந்துச்சுன்னு கேப்பாங்க இல்ல?"

"கேக்கட்டும்."

"கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற பழக்கம் ஒனக்கு எப்ப வந்துச்சு? டயர்ல குத்தமில்லன்னு அரசாங்கமே எழுதிடுச்சு. போன மனுஷன் திரும்பி வரப் போறாரா?" ஆர்லோ இடது பின் சக்கரத்தைக் கை காட்டினான். "மூணு சக்கரத்த நீ மாட்டின. நாலாவது நான் மாட்டினது, வெர்ன். எந்தச் சக்கரம்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"ஒன் பேரு என் வாயில வராது."

"அது இன்னும் கேவலம்" என்றான் ஆர்லோ. அன்றே தன் ஸ்ப்ரே துப்பாக்கிகளை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு நாள் வெர்ன் அந்த வேகக் கணக்கை அச்செடுத்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். பேசாமல் தபாலில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தான். வேகக் கணக்கு மட்டும், பெயர் போடாமல். லமாரின் பெயரும் தேறும், தன் தலையும் தப்பும். கவர்கூட வாங்கிவிட்டான். அதில் விலாசம் எழுதும்போது தன் கையெழுத்தைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பினான். அது புதன்கிழமை மதியம், லமார் இறந்து பதினோராம் நாள்.

ஜெனீவா சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களின் பாத்திரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுப்பதற்காக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காரு. சாப்பிட்டியா?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அந்தக் கேள்வி அவனைக் கொன்றது.

"ஜெனீவாம்மா, நான் நின்னுக்கிட்டே சொல்றேன். சொன்னதுக்கப்புறம் ஒக்காருன்னு சொன்னா ஒக்காறேன்."

சொன்னான். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து, இண்டியானா நிலவறையிலிருந்து சொன்னான். ஆல்வினிடம் சொன்ன பொய்யைச் சொன்னான். சாவியைக் கொடுத்ததைச் சொன்னான், போட்டோவுக்கு நின்றதைச் சொன்னான். ஜெனீவா பாதியில் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவன் சொன்னதை அவர் கேட்டாரா என்றே தெரியவில்லை. விரல் காகிதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஐம்பத்து நாலா?"

"ஆமா."

"இது எல்லாமே ஐம்பத்து நாலு."

"ஆமாம்மா. கடைசி வரைக்கும்."

"பந்தயம் ஓட்டல."

"இல்ல."

ஜெனீவா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த சத்தம் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "கிழட்டு நத்தை" என்றார். "என் கிழட்டு நத்தை. ஐநூறு குதிரைய வச்சிக்கிட்டு ஐம்பத்து நாலுல போயிருக்காரு பாரு." காகிதத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசைந்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். துடைத்த பிறகுதான் எதிரே நிற்பவன் யார் என்று நினைவு வந்ததுபோல் நிமிர்ந்தார்.

"போட்டோ எத்தன நிமிஷம் எடுத்தீங்க?"

"பன்னிரண்டு."

"நான் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் தொப்பி போட்டுக்கிட்டு வாசப்படியில நின்னேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கிட்ட சொன்னது போதாது" என்றார் ஜெனீவா. "பேசினது நான் மட்டுமில்ல. ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வா. எல்லார் முன்னாலயும் நின்னு சொல்லு. வேகத்தயும் சொல்லணும், டயரயும் சொல்லணும். ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சொன்னா அங்கயே எந்திரிச்சு நான் சொல்லுவேன். இப்ப போ. ஒக்காருன்னு நான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை வெர்ன் கோட்டு போட்டுக்கொண்டு போனான். பாஸ்டர் அழைத்ததும் முன்னே போய் நின்றான். "என் பேரு வெர்ன் ஹோர்னக். லமார் ஓட்டின வண்டியக் கட்டினவன்" என்று ஆரம்பித்தான். அந்தச் சபையில் பேசுகிறவனைத் தனியாக விடமாட்டார்கள். "சொல்லுப்பா" என்று ஒரு குரல் வந்தது. "சொல்லு, சொல்லு" என்றார்கள். ஐம்பத்து நாலு மைல் என்று அவன் சொன்னபோது சபை முழுதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. பேருந்து ஓட்டுகிற பெண்ணொருத்தி எழுந்து நின்று, "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். பேசித் திரிந்தவர்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டயரைச் சொன்னான், கோப்பையைச் சொன்னான், பொய்யைச் சொன்னான். அப்போது யாரும் "சொல்லு" என்று சொல்லவில்லை. அவன் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் ஆர்லோ நின்றிருந்தான். வெர்ன் முடித்ததும், "ஒரு சக்கரம் நான் மாட்டினது" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

திங்களன்று வெர்ன் ஷெரிஃப் ஆபீஸுக்குப் போய் அதையே எழுதிக் கொடுத்தான். ஆல்வின் ஆள் அனுப்பிக் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பட்டறையில் நின்ற இரண்டு வண்டிகளை அவற்றின் சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். வழக்கு வரும் என்றார்கள். வரட்டும் என்று இருந்தான். இதெல்லாம் அவனுக்குப் பாரமாகத் தெரியவில்லை, ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டோம் என்றுகூட அவன் மனதின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்தது.

ஜெனீவா அன்று வேண்டாமென்ற பேருந்துகள் அடுத்த சனிக்கிழமை வந்தன. பதினான்கு மஞ்சள் பேருந்துகள், விளக்கெரிய, பள்ளியிலிருந்து கல்லறை வரைக்கும் ஐம்பத்து நாலுக்கும் ரொம்பக் கீழே ஊர்ந்து வந்தன. லமாரின் பேருந்தில் ஏறிப் போன பழைய பிள்ளைகள், தங்கள் பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். வெர்ன் கல்லறை வாசலுக்கு வெளியே, வேலியோரம் நின்றான். எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது ஜெனீவா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவனை நோக்கி வந்தார்.

"உள்ள வரலயா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன், ஜெனீவாம்மா?"

"ஒன்ன மன்னிக்கச் சொல்லிப் பாஸ்டர் சொல்றாரு. நாளாகும். அத நானும் கர்த்தரும் பேசிக்கிறோம்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வேற ஒண்ணு கெடந்து அறுக்குது. ஒங்கிட்டதான் சொல்ல முடியும், ஒனக்குத்தான் புரியும். அடக்கத்தன்னிக்குப் பெட்டிய மூடறதுக்கு முன்னால எல்லாரும் போய் முத்தம் குடுத்தாங்க. எம் மக குடுத்தா. அவரு தங்கச்சி குடுத்தா. நான் குடுக்கல. என்ன விட்டுட்டுப் பந்தயம் ஓட்டப் போன மனுஷனுக்கு என்ன முத்தம்னு ஒக்காந்திருந்தேன். நாப்பது வருஷத்துப் புருஷனுக்கு."

வெர்னுக்கு வேலி, பேருந்து, வானம் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"டயர்தான்னு ஒனக்குச் சனிக்கிழமயே தெரியும்" என்றார் ஜெனீவா. "அடக்கம் வெள்ளிக்கிழம. நடுவுல ஆறு நாள் இருந்துச்சு, வெர்ன். வாயத் தொறந்திருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன்."

மகள் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வெர்ன் வேலியைப் பிடித்தபடி, கடைசிப் பேருந்து போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.